செம்பில் வெட்டிய பேர்

2023-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தவர்களுக்கு, முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மோசமான நாட்களில் அதைப்போல மூன்று மடங்கு. மே மாதத்தில் ஒரு சாயங்காலம் அப்படிக் கரண்ட் போனபோது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி தனியாக இருப்பாரே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். அடுக்களை மேடையில் டார்ச்சைப் படுக்க வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரத்தில் ஒரு பித்தளைச் செம்பு. அதில் தண்ணீர் ஊற்றிக் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைச் செருகி வைத்திருந்தார். எத்தனையோ தடவை பார்த்த செம்புதான். அன்று வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் கழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன.

“இது என்ன ஆன்ட்டி?”

“டிசைன்ம்மா. எங்க ஆயாவோட செம்பு. சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன்.”

டிசைன் இப்படி வளையாது என்று எனக்குப் பட்டது. எங்கள் பக்கம் கல்யாணச் சீர் வாங்கினால் பாத்திரக்கடை வாசலிலேயே ஒருவர் சின்ன உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருப்பார். பேரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் டக் டக்கென்று புள்ளி வைத்தே எழுத்தை இறக்கிவிடுவார். இப்போது மிஷினில் வெட்டுகிறார்கள். என் அம்மாவின் அண்டா, பாட்டியின் குத்துவிளக்கு, எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி எழுத்து உண்டு. எந்த வீட்டுப் பாத்திரம் பந்தியில் எந்த வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்து சேருவது அதனால்தான்.

ஆன்ட்டியிடம் புளி கேட்டேன். உப்பும் சேர்த்துத் தேய்த்ததும் நூறு வருஷத்துக் களிம்பு கறுப்பாக வழிந்தது. கழுவித் துடைத்து மறுபடி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்.

பே. சி. முனியம்மாள்.

வாய்விட்டுப் படித்ததும் ஆன்ட்டி எழுந்து நின்றுவிட்டார். அப்பாவைப் பெற்ற ஆயாவின் பேர் முனியம்மா என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பேர் எழுபது வருஷமாகத் தன் அடுக்களை ஜன்னலில் எழுதியிருந்தது தெரியாது. அவருக்குத் தமிழ் படிக்க வராது. அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் வந்தது, பிள்ளைகளுக்குச் சுத்தமாக வராது. தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஆயா, தாத்தா, காமாட்சி விளக்கு, கூழ், முறுக்கு என்று வீட்டுக்குள் புழங்குகிற சொற்கள் நிற்கின்றன. வாக்கியம் போய்விட்டது, எழுத்து போய்விட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரணியில் பிறந்தவள். கணவருக்கு டர்பன் துறைமுகத்தில் வேலை. அவர் விசாவோடு ஒட்டி வந்த என் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. நாங்கள் இருப்பது ரிசர்வாயர் ஹில்ஸ். மேடும் பள்ளமுமான தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுயரச் சுவர், சுவர்மேல் மின்கம்பி, தானாகத் திறந்து மூடும் கேட். காலை ஏழு மணிக்குக் கணவரும் பையனும் அந்தக் கேட்டைத் தாண்டிவிட்டால் மூன்று மணி வரைக்கும் வீட்டில் நான்தான். ஊரில் வாசல் தெளிக்கப் போனாலே நாலு பேரிடம் பேசிவிட்டு வருவேன். இங்கே காலையில் ஹடீடா பறவைகள் கூரைக்கு மேல் கத்திக்கொண்டு போகும், பத்து மணிக்குக் குரங்குகள் வாழைப்பழத்துக்கு வரும். வேறு யாரும் வரமாட்டார்கள். இரண்டு வருஷம் அப்படிப் போனது. துடைத்த மேடையை மறுபடி துடைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்குக் காரணமில்லாமல் அழுதிருக்கிறேன். யாரும் கொடுமைப்படுத்தவில்லை, எதுவும் குறையவில்லை. என் கண்ணுக்கும் கைக்கும் மூளைக்கும் வேலை இல்லை, அவ்வளவுதான். வீட்டோடு இருக்கிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய வலி என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘பே’ என்றால் என்ன? ‘சி’ என்றால் என்ன? எங்கள் பக்கத்து வழக்கப்படி முதலெழுத்து ஊர், அடுத்தது தகப்பன். புருஷன் பேரின் முதலெழுத்தாகவும் இருக்கலாம். ஆனால் ஆன்ட்டியின் தாத்தாவுக்கு ‘சி’யில் பேர் இல்லை. அப்படியென்றால் இது பிறந்த வீட்டுச் செம்பு. கப்பலில் கூடவே வந்திருக்கிறது.

மறுநாள் பையனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஆன்ட்டிக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதினேன். மூன்று விஷயம் உறுதியாகச் சொன்னார். ஆயாவும் தாத்தாவும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே கப்பலில் வந்தவர்கள். சொந்த ஊர் மெட்ராஸ். ஆயாவின் இடது காது அறுந்து தொங்கும். கரும்புத் தோட்டத்தில் ஒரு சர்தார், அதாவது கூலிகளை வேலை வாங்கும் மேஸ்திரி, கம்மலைப் பிடித்து இழுத்ததால் வந்தது. ஆயா 1958-ல் இறந்தபோது ஆன்ட்டிக்குப் பதினோரு வயது. அந்த அறுந்த காதைப் பிடித்துக்கொண்டே தூங்குவாராம்.

மெட்ராஸ் என்று சொல்வதில் வியப்பில்லை. 1860 நவம்பர் 16-ம் தேதி ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது முதல், 1911-ல் கடைசிக் கப்பல் வந்தது வரை, டர்பன் இருக்கிற நடால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அதில் தமிழ், தெலுங்கு பேசியவர்கள் பெரும்பாலும் மெட்ராஸில் கப்பல் ஏறியவர்கள். மூன்று தலைமுறை கழித்துக் கப்பல் ஏறிய இடமே சொந்த ஊராகிவிட்டது. பேருக்கும் இதே கதிதான். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். ஒற்றைப் பேரோடு வந்த முனுசாமியும் பெருமாளும் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பேராகிவிட்டார்கள். ஆன்ட்டியின் குடும்பமும் கவெண்டர்தான்.

ஆனால் எண் மாறாது. வந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக ஒரு காலனி எண் கொடுத்தார்கள். பிறகு கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு என்று எந்தக் காகிதத்திலும் அந்த எண் கூடவே வரும். எண் கிடைத்தால் கப்பல் கிடைக்கும், கப்பல் கிடைத்தால் ஊர் கிடைக்கும். ஆன்ட்டியிடம் ஒரு தகரப் பெட்டியில் அவருடைய அப்பாவின் 1912-ம் வருஷப் பிறப்புப் பத்திரம் இருந்தது. இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ம் வருஷச் சட்டத்தால் கேட்டோ மேனர் வீட்டைக் காலி செய்து 1964-ல் சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் போனபோதும் அந்தத் தகரப் பெட்டி தப்பித்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில்தான் மாட்டிக்கொண்டது. 400 பேருக்கு மேல் செத்த வெள்ளம் அது. ஆன்ட்டி வீட்டுப் பின்சுவர் சரிந்து, கீழ் அறைக்குள் சேறு புகுந்து, பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. பத்திரத்தில் தாயின் எண் இருந்த இடத்தில் முதல் நான்கு இலக்கம் தெரிந்தது. கடைசி இரண்டும் நீலக் கறையாகக் கரைந்திருந்தன.

நான்கு தெரிந்து இரண்டு தெரியாவிட்டால் நூறு பேர். நூறு பேரில் ஒருத்தியைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம்தான் என்று தோன்றியது. அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு நூறு ஒரு கணக்கா?

இடையில் ஆடி வந்தது. இங்கே ஜூலை, ஆகஸ்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் ‘போரிட்ஜ் ப்ரேயர்’ என்கிறார்கள். ஆன்ட்டி வீட்டுப் படையலுக்கு என்னையும் கூப்பிட்டார். பெரிய வாழையிலையில் கூழ், வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாடு, எல்லாம் முறையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன நுனியிலை. அதில் ஒரு பிடி வெல்லம் கலந்த பச்சரிசி மாவு, இரண்டு கண்ணாடி வளையல், மடித்து வைத்த ஒரு சின்னப் பாவாடை. என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஓரத்தில் சிவப்பு ரிப்பன் வைத்துக் கையால் தைத்தது. ஆன்ட்டி அந்த இலைக்குக் கற்பூரம் காட்டி, “கெங்கா, வா. கெங்கா, வா” என்று மூன்று தடவை சொன்னார்.

“இது யாருக்கு ஆன்ட்டி?”

“கெங்கம்மாவுக்கு. மாரியம்மனோட தங்கச்சி சாமி. ஆயா வைப்பா, அம்மா வைச்சா, நானும் வைக்கிறேன்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த இலையை யாரும் அம்மனுக்கு வைப்பதில்லை. பூவாடைக்காரி என்போம், கன்னி என்போம். வீட்டில் சின்ன வயதிலேயே செத்துப்போன பெண்ணுக்கு, அவள் வயதுக்குத் தக்க துணியும் வளையலும் வைத்துக் கூப்பிடுவது அது. பாவாடை அளவைப் பார்த்தாலே எத்தனை வயதுப் பிள்ளை என்று எங்கள் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். இந்தப் பாவாடை இரண்டு, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கானது இல்லை. ஆனால் ஆன்ட்டிக்குத் தெரிந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சாவே கிடையாது.

நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன்: ‘சின்ன இலை. பெண் பிள்ளை. 2, 3 வயது. பேர் கெங்கா?’

கப்பல் பட்டியல்களின் மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்குள்ள காந்தி–லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியிலும் பார்க்க வழி செய்திருக்கிறது. பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாரத்தில் மூன்று நாள் அந்தப் பட்டியலோடு உட்கார்ந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. எண், பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), ஊர், அங்க அடையாளம். உம்ஸிண்டோ, உம்லாஸி, உம்வோட்டி என்று கப்பல்களுக்கு நடால் மண்ணின் பேர்கள். ஒரே கப்பல் திரும்பத் திரும்ப வந்ததால் பேருக்குப் பின்னால் ரோமன் எண் போட்டு எத்தனையாவது பயணம் என்று குறித்திருக்கிறார்கள்.

என் நூறு எண்களும் 1905-ல் மெட்ராஸிலிருந்து வந்த ஒரே கப்பலுக்குள் அடங்கின. ஆண்களைக் கழித்தால் முப்பத்தொரு பெண்கள். அதில் முனியம்மா மட்டும் மூன்று பேர். ஒருத்திக்கு வயது நாற்பது, கழித்தேன். மற்ற இருவருக்கும் இருபது வயது. இருவரும் வட ஆற்காடு ஜில்லா.

இங்கேதான் படித்த தமிழ் கைகொடுத்தது. குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்காது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘குடியாதம்’ என்று ஒரு தாணா. குடியாத்தம்! அதற்கு நேராக ஊர் ‘பர்னம்புட்’. நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். பர்னம்புட், பர்ணாம்பட்டு, பேர்ணாம்பட்டு. செம்பில் இருந்த ‘பே’. தகப்பன் பேர் ‘சின்னாப்பன்’. செம்பில் இருந்த ‘சி’. அங்க அடையாளம் என்ற கட்டத்தில்: இடது காதுமடல் கிழிந்திருக்கிறது.

அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பட்டியல்களை வைத்துப் பெரிய வேலைகள் செய்திருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பதும், பாவாடை அளவைப் பார்த்து வயது சொல்வதும் அடுக்களையிலும் பூசை அறையிலும் இருக்கிற படிப்பு. அந்தப் படிப்புக்கும் துப்பறியத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அப்புறம்தான் அடுத்த வரியைப் பார்த்தேன். முனியம்மாவுக்கு அடுத்த எண். பேர் கெங்கம்மா. பெண். வயது இரண்டு. தாய்: முந்தைய எண். புருஷன் என்று யாரும் இல்லை. குறிப்புக் கட்டத்தில் ஒரே வார்த்தை, இறந்தது. அதற்குப் பக்கத்தில் கப்பல் கரை சேர்ந்து ஏழு மாதம் கழித்து ஒரு தேதி.

ஆன்ட்டி சொன்ன மூன்றும் ஒரு பக்கத்தில் கலைந்துவிட்டன. ஊர் மெட்ராஸ் இல்லை. காது தோட்டத்தில் அறுந்ததில்லை, கப்பல் ஏறுமுன்பே அறுந்திருந்தது. தாத்தா கூட வரவில்லை. அவர் வேறு கப்பலில், அதற்கு முந்தின வருஷம் வந்தவர் என்று பிறகு தேடியபோது தெரிந்தது. முனியம்மா இருபது வயதில், கைப்பிள்ளையோடு, தனியாக வந்திருக்கிறார். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது ஏற்ற வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தது. அந்தக் கணக்கை நிரப்ப ஆள்பிடிப்பவர்கள் தனியாக நின்ற பெண்களைத் தேடி அலைந்தார்கள். புருஷன் செத்தானா, அவனோடு வாழ முடியாமல் வந்தாரா, காதை அறுத்தது யார், எதையும் பட்டியல் சொல்லாது. ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்கே முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங்தான், பெண்ணுக்கு அதில் பாதி. 1910-ல் ஒப்பந்தம் முடிந்திருக்கும். முடிந்தபிறகும் இங்கேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி என்று 1895-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்த வரி பெண்களுக்கும் உண்டு, 1914-ல்தான் ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்த நேரத்தில்தான் முனியம்மா தாத்தாவோடு சேர்ந்திருக்கிறார்.

மூன்று வாரம் ஆன்ட்டியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. “கிடைத்ததா?” என்று கேட்பார். “தேடிக்கிட்டே இருக்கேன்” என்பேன். அது பொய், எனக்கு உறுத்தியது. ஆயா தன் மகனுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்த ஒன்றை, நூறு வருஷம் கழித்து வந்த நான் எந்த உரிமையில் வெளியே எடுப்பது? கணவரிடம் கேட்டேன். “செத்தவங்க ரகசியம், விட்டுடு” என்றார். அம்மாவிடம் போனில் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவ மறைக்கலையேடி. வருஷா வருஷம் இலை போட்டுப் பேர் சொல்லித்தானே கூப்பிட்டிருக்கா. கேட்கத் தெரிஞ்சவங்க இல்லை, அவ்வளவுதான்” என்றாள்.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் பேரைச் சொன்னதும் ஆன்ட்டி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், ‘ர்ணா’ அவர் நாக்கில் நிற்கவில்லை. குடியாத்தத்தில் இன்றைக்கும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள் என்று சொன்னேன். காது விஷயத்தைச் சொன்னபோது, “அப்போ அந்த சர்தார் செய்யலையா?” என்று கேட்டார். முகம் தெரியாத ஒருவனை எழுபது வருஷமாகத் திட்டியிருக்கிறார்.

கடைசியாக அடுத்த வரியைப் படித்துக் காட்டினேன்.

“எத்தனை வயசு?”

“ரெண்டு.”

ஆன்ட்டி எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் சத்தமில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே அந்தப் பாவாடைகள், ஒரு வருஷத்துக்கு ஒன்றாக. நாற்பதுக்கு மேல் இருக்கும். படையல் முடிந்ததும் எறிய மனம் வராமல் எடுத்து வைத்தவை. அடியில் இருந்த சிலவற்றை அவருடைய அம்மா தைத்திருக்கிறார், ஒன்று ஆயா தைத்தது. சாயம் போன மஞ்சள் சீட்டி, நூல் மட்டும் இன்னும் அறுகவில்லை. எல்லாம் ஒரே அளவு. அளவை மாற்றக்கூடாது என்று மட்டும் ஆயா சொல்லிக் கொடுத்திருந்தாராம். ஏன் என்று சொல்லவில்லை.

அவர் சாமியைக் கூப்பிட்டாரா, பிள்ளையைக் கூப்பிட்டாரா என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சாமி பேரை வைத்துத்தான் பிள்ளைக்குப் பேர் வைத்தார். இரண்டையும் அவர் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு ஆன்ட்டி வாரத்தில் இரண்டு நாள் என்னிடம் தமிழ் எழுத்து படிக்கிறார். கெங்கம்மா என்று எழுத முதலில் கற்றுக்கொண்டார். ‘ங்’ இன்னும் அவருக்குத் திரும்பிக்கொள்கிறது. செய்தி பரவி, சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் கிழிந்த பத்திரங்களோடு ஆட்கள் வருகிறார்கள். என் நோட்டு இப்போது நான்காவது நோட்டு. மதியம் இரண்டு மணி எப்போது வருகிறது என்றே எனக்குத் தெரிவதில்லை.

பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் முன்னோரில் சின்னப்பன் என்று யாராவது உண்டா? 1905 வாக்கில் கைப்பிள்ளையோடு வீட்டைவிட்டுப் போன முனியம்மாள் என்று ஒரு மகளைப் பற்றிப் பாட்டிமார் பேசியதுண்டா? இடது காது அறுந்தவள். பரணில் பழைய பித்தளை கிடந்தால் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ‘பே. சி.’ என்று தொடங்கினால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஆன்ட்டிக்கு இந்த வருஷம் 78 முடிகிறது.